கோவை–மதுரை ரயிலும், இன்னும் வராத ஈரோடு பாதையும்

பழனிக்கு மேலே மலையில், வடகவுஞ்சியில் இருக்கிற எங்களுக்கு டவுன் என்றால் பழனிதான். கோவையில் ஆஸ்பத்திரி என்றால், முன்பெல்லாம் மலை இறங்கி பழனி பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம். அம்மா சர்க்கரைக்காரர், வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று பயந்து விடிகாலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கொண்டை ஊசி வளைவில் புரட்டிய வயிறு கீழே வந்தும் அடங்காது, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் கண் செக்கப்புக்குக் கோவை–மதுரை ரயிலில் கூட்டிப்போனேன். முதல் பஸ்ஸில் இறங்கி, ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்து, கவுண்டரில் சாதாரண டிக்கெட் எடுத்தோம், அவ்வளவுதான். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, லெமன் சாதம் சாப்பிட்டு, பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். கழிப்பறை இருக்கிறது என்ற ஒரே தைரியம்! இடது ஜன்னலில் நம்ம மலை கூடவே வந்தது, உடுமலைப் பக்கம் காற்றாலைகள், அப்புறம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள். முன்பு இது மீட்டர் கேஜ் என்கிற குறுகிய பாதை. 2015-இல் பழனி–பொள்ளாச்சியும் 2017-இல் பொள்ளாச்சி–போத்தனூரும் அகலப் பாதையான பிறகுதான் எங்களுக்கு இந்த வசதி.

"தாராபுரத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு விடமாட்டாங்களாடா?" என்று அம்மா கேட்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் இன்றுவரை ரயிலே கிடையாது. பழனியிலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் கிழக்கே திண்டுக்கல் போய், வடக்கே கரூர் ஏறி, மறுபடி மேற்கே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கோவை வழியாகச் சுற்ற வேண்டும், யார் போவார்கள்? இந்த இரண்டு ஊர் வழியாகவும் ஈரோட்டுக்குச் சுமார் 91 கிலோமீட்டரில் புதுப் பாதை என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. அது மட்டும் வந்தால் அக்கா வீட்டுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். ஈரோட்டில் படிக்கிற பிள்ளைகள் வாராவாரம் வீட்டுக்கு வரலாம். சேலம், சென்னை, பெங்களூரு வண்டிகளையும் அங்கேயே பிடிக்கலாம்.

தைப்பூச சமயத்தில் பழனி–தாராபுரம் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காவடியோடு நடந்து வரும் கூட்டம் சாலையை நிறைத்திருக்கும், பஸ் ஊர்ந்துதான் போகும். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அத்தனை பேருக்கும் பஸ்தான் கதி. ஒரு தை மாதம் மலைவாழைத் தாரோடு ஏறப்போன என்னைக் கண்டக்டர் இறக்கிவிட்டுவிட்டார், தாரைத் தெரிந்த கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். ரயில் என்றால் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

சரி, கோவைக்கு வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் யோசிக்காமல் இந்த ரயிலில் போங்கள், இடது பக்கமாக உட்காருங்கள். திரும்பும்போது பழனிக்கு வர சாயங்காலம் ஆகிவிடும், மலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.