கிருஷ்ணகிரியில் லைட்டிங் வேலை கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மலைச்சரிவு மனை என்பதால் எங்கள் வீட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை கிடைத்தது. ஒன்பது வயது மகள் அதை மந்திரவாதி குகையாக்கித் தரச் சொன்னாள். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருப்பானே, அவனுடைய குகை. இந்தப் பக்கம் மல்லச்சந்திரத்தில் இருக்கும் கல்திட்டைகளை, அதாவது பலகைக்கல்லால் கட்டிய பழங்காலக் கல்லறைகளை, அவளுக்கு ஒருமுறை காட்டியிருந்தேன். அதே மாதிரி பலகைக்கல் நிறுத்தி, நடுவில் வட்டத் துளை விட்டு, அதன் பின்னாலிருந்து மட்டும் வெளிச்சம் கசிய வேண்டும் என்றாள்.

விளக்கு வேலையை ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். கடையில் அவர் எரியவிட்டுக் காட்டிய ஸ்ட்ரிப் லைட் (ரிப்பன் மாதிரி நீளமாக ஒட்டும் எல்இடி விளக்கு) 2700 கெல்வின், கண்ணுக்கு இதமான மஞ்சள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. கீழறை ஈரமாக இருக்கும், அதனால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 ரகம்தான் போடுவேன் என்றார். 38,000 ரூபாய் பேசி 30,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். ரசீதில் "லைட்டிங் வேலை முழுவதும்" என்று ஒரே வரி. நானும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாள் வேலை நடந்தபோது நான் ஓசூரில் இருந்தேன். வந்து பார்த்தால் சீலிங்கை மூடி பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது. சுவிட்சைப் போட்டதும் நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம், மருந்துக்கடையில் நிற்பது போல. மகள் ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. போன் செய்தால், "சார், ரெண்டும் ஒண்ணுதான், போகப் போகப் பழகிடும்" என்றார்.

ஐப்பசி மழையில் சுவர் கசிந்தது. பாதி ஸ்ட்ரிப் அணைந்தது. அப்புறம் ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கருகும் வாடை. மெயினை அணைத்துவிட்டு, மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து சீலிங்கைப் பிரித்தோம்.

ஸ்ட்ரிப் மேல் ஈரத்தைத் தடுக்கும் உறையே இல்லை, வெறும் ஐபி 20. ஐந்து மீட்டர் சுருள் இரண்டை நுனியோடு நுனி ஒட்டியிருந்தார்கள். கடைசி இரண்டு மீட்டர் மங்கலாக எரிந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது: தூரம் போகப் போக வோல்ட் குறைகிறது, ஒவ்வொரு சுருளுக்கும் தனி ஒயர் இழுத்திருக்க வேண்டும். மீட்டருக்கு 14.4 வாட், பத்து மீட்டருக்கு 144 வாட். 12 வோல்ட்டில் அது 12 ஆம்பியர். அதற்கு, வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் அடாப்டர் 15 ஆம்பியர் இருக்க வேண்டும். மேலே இருந்தது 5 ஆம்பியர், பிஐஎஸ் (இந்திய அரசின் தரச் சான்று) முத்திரை இல்லாதது, காற்றுப் போக வழியில்லாமல் பிளைவுட் மேலேயே கிடந்தது. "அண்ணா, பாப்பா உள்ள விளையாடும்போது பத்தியிருந்தா?" என்று அந்த எலக்ட்ரீஷியன் கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தயவுசெய்து கெல்வின், மீட்டருக்கு எத்தனை வாட், ஐபி எண், அடாப்டர் ஆம்பியர், எல்லாவற்றையும் கம்பெனி பெயரோடு பில்லில் எழுதி வாங்குங்கள். அடாப்டர் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். சீலிங்கை மூடும் முன் ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டு, இருட்டில் நீங்களே நின்று பாருங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன்.

கடைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கருகிய அடாப்டரைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக வேண்டி வந்தால், அந்த ஒரு வரி ரசீதோடு அதையும் கொண்டுபோவேன்.