முதல் கடனட்டை: சம்பளத்தைக் காட்டியா, வைப்பை வைத்தா?

யாழ்ப்பாணத்தில் கடனட்டை இல்லாமலே ஒருவர் நாற்பது வயதைத் தாண்டிவிடலாம். அவசரத்துக்கு நகை, பெரிய செலவுக்குச் சீட்டு, அதற்கும் மேலே கனடாவில் இருக்கும் அண்ணன். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய சீட்டும், தனியார் அடகு கடையில் சொன்ன நாளுக்கு மீட்ட நகையும் கிரிப் அறிக்கையில் ஒரு வரிகூட எழுதாது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி வந்த கடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லோரும் கிரிப் என்கிறோம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் கணக்குகள்தான் அங்கே சேரும். அதைக் கறுப்புப் பட்டியல் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஒழுங்காகக் கட்டியதும் அதில் பதிவாகிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு.

சரி, அந்தப் பதிவை எதிலிருந்து தொடங்குவது?

ஆசிரியர், தாதி, அரச அலுவலர் என்றால் சம்பளத்தைக் காட்டி எடுக்கும் அட்டை சுலபம். அடையாள அட்டையும் பேசீற்றும் (சம்பள விவரத் தாள்) வங்கிக் கணக்கு விவரமும் கொடுத்தால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இதில் எனக்குப் பயம் தருவது கடன் எல்லை. முதல் அட்டைக்கே ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிய எல்லை வந்தால், குறைத்துத் தரும்படி எழுதிக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடை வைத்திருப்பவர், தோட்டம் செய்பவர், மாதாமாதம் வெளிநாட்டுக் காசில் குடும்பம் நடத்துபவர் ஆகியோருக்கு அந்த வழி கடினம். அண்ணன் அனுப்பும் காசு எவ்வளவு ஒழுங்காக வந்தாலும் வங்கி அதைப் பெரும்பாலும் உங்கள் சம்பளமாகப் பார்ப்பதில்லை. இவர்களுக்கு நான் சொல்வது நிலையான வைப்பின் மேல் எடுக்கும் அட்டை. வைப்புக்குரிய வட்டி வந்துகொண்டே இருக்கும். வைப்புத் தொகையின் ஒரு பங்கு அளவுக்குக் கடன் எல்லை கிடைக்கும். அட்டை இருக்கும்வரை வைப்பை உடைக்க முடியாது, கட்டாமல் விட்டால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். சம்பளக்காரருக்கும்கூட முதல் அட்டையாக இதையே விரும்புவேன், எல்லை தன் சொந்தக் காசுக்குள் நிற்பதால்.

மோட்டார் சைக்கிள் லீசிங்கும் பதிவை உண்டாக்கும்தான். ஆனால் அதில் முதல் நாளிலிருந்தே வட்டி. பதிவுக்காக மட்டும் அதை எடுப்பது வீண் செலவு. அப்பாவின் அட்டையில் துணை அட்டை எடுத்தால் கடன் அப்பாவின் பெயரில்தான். டெபிட் அட்டை கடனே இல்லை, அதனால் பதிவும் இல்லை.

எந்த அட்டையானாலும் பில்லை முழுதாகக் கட்டினால் கொள்வனவுகளுக்கு வட்டி இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் பதிவு கெடாது, காசு கரையும். 50,000 ரூபாய் நிலுவை, ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டியே 1,000 ரூபாய். நீங்கள் 2,500 கட்டினால் அசலில் கழிவது 1,500தான். 2022 நெருக்கடியில் இந்த வட்டி 36 சதவீதம்வரை போனதை மறக்கக்கூடாது. அட்டையைப் போட்டு ஏ.ரி.எம்.மில் காசு எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் வேறு. இதற்கு நகை அடகே மேல் என்று தயங்காமல் சொல்வேன். அப்புறம், சம்பளக் கணக்கிலிருந்து முழுத்தொகையும் தானாகப் போக ஸ்டாண்டிங் ஓடர் போட்டுவிடுங்கள். மறதியால் பிந்துகிற ஒரு பில்லும் அறிக்கையில் தாமதம் என்றுதான் பதிவாகும்.

ஆஸ்பத்திரி வீதியில் வரிசையாக வங்கிகள் இருக்கின்றன என்பதற்காக ஒரே வாரத்தில் நாலு இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள்; ஒவ்வொரு வங்கியும் உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தது அதில் தெரியும். முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். நண்பனின் லீசிங்குக்குப் பிணை நின்றிருந்தால் அதுவும் அங்கே இருக்கும். அவன் தவணை நிலுவையில் இருந்தால், அதைத் தீர்க்க வைத்த பிறகு விண்ணப்பியுங்கள்.