பேட்ஜ் மிரட்டினால் எந்த ரத்தப் பரிசோதனை? சிபிசியா, டைசென்ட்ரிக்கா?

கோரிப்பாளையம் டீக்கடையில் கேத் லேப் (எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதய ரத்தக்குழாய்க்குச் சிகிச்சை செய்யும் அறை) தம்பி ஒருவர் முகம் வாடி நின்றார். "அண்ணே, பேட்ஜ்ல 200 மில்லிசீவர்ட் சொச்சம் வந்திருக்கு. ஒரு சிபிசி எடுத்துப் பாத்துட்டாப் போதும்ல?"

பேட்ஜ் என்பது உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் மாட்டுவது, மில்லிசீவர்ட் அந்த அளவுக்கான அலகு. கதிர்வீச்சுப் பணியாளருக்கு நம் நாட்டு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30. அதனால் அவர் பயந்ததில் தப்பில்லை. கேட்ட பரிசோதனைதான் தப்பு.

சிபிசியை, அதாவது ரத்த அணுக்களை வகைவாரியாக எண்ணும் பரிசோதனையை, நான் மட்டமாகச் சொல்லவில்லை. சந்துக்குச் சந்து லேப் இருக்கிறது, சில நூறு ரூபாயில் முடியும், ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் கையில். ரத்த அணுக்களில் கதிர்வீச்சுக்கு முதலில் சாய்வது லிம்போசைட் என்ற வெள்ளணு. முதல் நாளிலேயே அது பாதியாகி, மறுநாள் இன்னும் வேகமாகச் சரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் முடிவுக்கு வருவார்கள். நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளணு முதலில் சற்று ஏறும் என்பதால் இரண்டுக்குமான விகிதமும் துப்புக் கொடுக்கும். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வந்து ஒருவர் உயிரைக் குடித்தது. அப்படி ஒன்று நம்மூர்க் காயலான் கடையில் நடந்தால், ஆறு மணி நேரத்துக்கு ஒரு சிபிசி எடுப்பதைவிட நல்ல வழி முதல் இரண்டு நாளில் கிடையாது. ஒரே ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் பயனில்லை, எண்ணிக்கை இறங்குகிற வேகம்தான் கணக்கு.

ஆனால் 200 மில்லிசீவர்ட்டில் லிம்போசைட் அசையாது. அசைந்தாலும் அது காய்ச்சலா, ஸ்டீராய்டு மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதிலும் பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் படிக்கப் போகிறது. எந்த நாளில் பட்டதென்றே தெரியாத வீச்சை இன்றைய எண்ணிக்கையில் எங்கே தேடுவது? வருடாவருடம் சிபிசி எடுத்து "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நிம்மதி அடைகிற எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

காமா-எச்2ஏஎக்ஸ் என்றொரு முறை உண்டு. டிஎன்ஏ இரு இழையும் அறுந்த இடங்களை ஒளிரவைத்து எண்ணுவது. அரை மணியில் உச்சம், ஒரு நாளில் பெரும்பாலும் அணைந்துவிடும். தம்பி விஷயத்தில் அது பந்தி முடிந்த மண்டபத்தில் இலை போடுகிற கதை. மைக்ரோநியூக்ளியஸ், அதாவது செல் பிரியும்போது தனியே தங்கிவிடும் குட்டி உட்கரு, எண்ணுவது சுலபம்தான், ஆனால் வயதுக்கேற்ப அது தானாகவே கூடும், பெண்களிடம் இன்னும் அதிகம்.

மிச்சம் டைசென்ட்ரிக். அறுபட்ட இரண்டு குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொண்டு, ஒரே உடம்பில் இரண்டு இடுப்போடு (சென்ட்ரோமியர்) நிற்கும். அப்படிப்பட்டவற்றை எண்ணுவதுதான் இந்தப் பரிசோதனை. சாதாரண ஆளிடம் ஆயிரம் செல்லுக்கு ஒன்று தேறினால் அதிகம், அதனால் நாலைந்து தெரிந்தாலே சந்தேகம் வரும். பொறுமையாக ஆயிரம் செல்லாவது எண்ணினால் 100 மில்லிகிரே அளவு வரை பிடிக்கலாம் (எக்ஸ்ரேக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே). அவசரத்துக்கு 50 செல் மட்டும் எண்ணினால் ஒரு கிரேக்குக் கீழே சொல்வது கஷ்டம். மாதங்கள் கழித்தும் தடயம் நிற்கும். குறை என்னவென்றால், செல்லை 48 மணி நேரம் வளர்த்து, பிறகு மைக்ரோஸ்கோப்பில் கண் வலிக்க எண்ண வேண்டும். தேர்ந்த ஆள் வேண்டும், தெருமுனை லேபில் நடக்காது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஆகவே தம்பிக்கு டைசென்ட்ரிக்தான் என்றேன். 200 பட்டது அவருக்கா, அவருடைய பேட்ஜுக்கு மட்டுமா என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ரத்தம் எடுத்து அனுப்புவது பற்றி மூன்று விஷயம் சொல்லி அனுப்பினேன். சிபிசிக்கான ஊதா மூடிக் குழாய் ஆகாது, ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிதான் வேண்டும். மதுரை வெயிலில் வெந்தாலும், ஐஸில் உறைந்தாலும் செல் வளராது. விமானத்தில் போனால் ஸ்கேனரில் விடாதபடி பொட்டலத்தின் மேல் "எக்ஸ்ரே வேண்டாம்" என்று பெரிதாக எழுதச் சொன்னேன்.

ரிசல்ட்டில் சாதாரண ஆளுக்கு இருக்கும் அளவுதான். பிறகுதான் ஞாபகம் வந்ததாம். ஒரு வாரம் லீவு போட்டபோது பேட்ஜைக் கழற்றாமல் ஈய ஏப்ரனோடு எக்ஸ்ரே ரூமுக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.