மாஸ்டடானா, ப்ளூஸ்கையா: எண்ணூர்க் குறிப்புகளை எங்கே வைப்பது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப் போனதே, அப்போதுதான் தினமும் எழுத ஆரம்பித்தேன். திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் போவேன். தண்ணீர் என்ன நிறம், கரையில் என்ன பறவை, வலையில் என்ன விழுந்தது என்று இரண்டு மூன்று வரி, கூடவே ஒரு படம். முதலில் மாஸ்டடானில் போட்டேன். ட்விட்டர் மாதிரி சின்னப் பதிவு போடுகிற தளம்தான், ஆனால் ஒரே கம்பெனி நடத்துவதில்லை; தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் அதே மாதிரித் தளமான ப்ளூஸ்கை அழைப்பு இல்லாமலே எல்லோருக்கும் திறந்ததும் அங்கேயும் ஒரு கணக்கு. இப்போது மாஸ்டடானில் மட்டும்தான்.

தொடங்குவதற்கு ப்ளூஸ்கை சுலபம். மாஸ்டடானில் எந்த சர்வரில் சேர்வது என்ற கேள்வியிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். எழுத இடம் ப்ளூஸ்கையில் 300 எழுத்து, மாஸ்டடானில் வழக்கமாக 500. என் இரண்டு வரிக்கு இரண்டும் போதும்.

எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது வேறு விஷயம்: இடம் மாற வேண்டி வந்தால் என்ன ஆகும்?

மாஸ்டடானில் நான் முதலில் சேர்ந்த சின்ன சர்வரை நடத்தியவர், செலவு கட்டுப்படியாகவில்லை, மூன்று மாதத்தில் மூடுகிறேன் என்று அறிவித்துவிட்டார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் உட்கார்ந்து செய்து பார்த்தேன். வேறு சர்வரில் புதுக் கணக்கு திறந்து, பழைய கணக்கும் என்னுடையதுதான் என்று அங்கே பதிய வேண்டும். பிறகு பழைய கணக்கில் போய் ‘மாற்று’ என்று கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். என்னைப் பின்தொடர்ந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் இரண்டே நாளில் தானாகவே புது இடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் எதையும் தொடக்கூட வேண்டியதில்லை. நான் பின்தொடர்ந்தவர்களின் பட்டியலையும் ஒரு கோப்பாக இறக்கி, இங்கே ஏற்றிக்கொண்டேன். போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுகிறோமே, ஏறக்குறைய அதுபோல. ஆனால் இங்கே முகவரியின் பின்பாதி, அதாவது சர்வரின் பெயர், மாறிவிடும்.

ஒரு குறை உண்டு, அது சின்னக் குறை இல்லை. பழைய பதிவுகள் நம்மோடு வராது. இந்த இடத்தில் வடிவமைப்பை மட்டும் பார்த்தால் ப்ளூஸ்கைதான் மேல். பதிவுகளையும் சேர்த்தே எடுத்துப் போக அதில் வழி வைத்திருக்கிறார்கள். சொந்த டொமைன் (நம் பெயரில் வாங்கிய இணைய முகவரி) இருந்தால் முகவரியும் மாறாது. ஆனால் அங்கே பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் சர்வரில்தான் இருக்கிறார்கள். மாறிப் போன ஒருவரையும் எனக்குப் பழக்கமில்லை, நானும் மாறிப் பார்க்கவில்லை. அதனால் அது நடைமுறையில் எப்படி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மாஸ்டடானில் சர்வர் மாறுவது அன்றாடம் நடக்கிற காரியம். போனிலேயே முடித்தேன், யாரிடமும் உதவி கேட்கவில்லை. எனக்கு அது பெரிது.

பழைய பதிவுகளுக்கு நான் கண்ட வழி இதுதான். மாஸ்டடான் ஏழு நாளுக்கு ஒரு முறை நம் பதிவு, படம் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டித் தரும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு வந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டு வைப்பேன். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் கோப்பு தயாராகிவிடும். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில்.