படகின் பெட்ரோல் டேங்க்கை மாற்றக் கொடுத்து 68,000 ரூபாய் பறிபோனது: எச்சரிக்கை

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். தளத்துக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்க்கை மாற்றித் தருவதாக என்னிடம் 68,000 ரூபாய் வாங்கிய ஒரு பட்டறை, ஒழுகிய டேங்க்கை எடுத்துவிட்டு இன்னொரு ஒழுகும் டேங்க்கை வைத்து மூடி அனுப்பியிருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டில் தடுக்கிறார்கள். படகுகளுக்கு அலுமினிய, ஸ்டீல் வெல்டிங் வேலை செய்யும் பட்டறை, அவ்வளவு போதும்.

எங்கள் படகு 22 அடி, பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின். நானும் தம்பியும் அரியாங்குப்பம் ஆற்றில் சுற்றுலா வருபவர்களை ஏற்றிப் பிழைக்கிறோம். அடிப்பகுதியில் பெட்ரோல் வாடை அடிக்க ஆரம்பித்ததுமே ஓட்டுவதை நிறுத்திவிட்டோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் படகின் அடியிலேயே தங்கும். அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப் மோட்டாரில் ஒரு பொறி பறந்தால் போதும், படகே வெடித்துவிடும்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் பழுது வேலை எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். அந்தப் பட்டறை வாசலில் படகுகள் வரிசையாக நின்றன. இத்தனை பேர் விட்டிருக்கிறார்களே என்று எனக்கும் தெம்பு வந்தது.

ஆனால் நான் முழுதாக நம்பியது வேறொரு நேரத்தில். தளத்தை வெட்டிப் பழைய டேங்க்கை வெளியே எடுத்தபோது, அந்த முதலாளியே குனிந்து அதன் அடியைக் கையால் தடவினார். வெள்ளைப் பொடி உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டியது. விரல் நகத்தால் லேசாகக் கீறியதும் அலுமினியம் சல்லடையாகப் பெயர்ந்தது. "பார்த்தீர்களா அண்ணே, டேங்க்கைச் சுற்றி ஃபோம் அடைத்திருக்கிறார்கள். அது உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வெளியே இருந்தே அரித்துவிட்டது. நான் ஃபோம் போட மாட்டேன். கடலுக்கென்றே வரும் 5083 அலுமினியம், 4 மில்லிமீட்டர் தகடு. அடியில் கெட்டி ரப்பர் பட்டை வைத்து, காற்று அடித்துச் சோதித்துத்தான் மூடுவேன்" என்றார். ஒரு வார்த்தை தப்பில்லை. தொழில் தெரிந்த மனிதர் என்று அந்த இடத்திலேயே 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று கூப்பிட்டபோது மீதி 28,000. நான் போய்ச் சேருவதற்குள் தளத்தை ஃபைபர் போட்டு மூடி, பெயிண்டும் அடித்துவிட்டார்கள். "நேற்றே காற்று அடித்துப் பார்த்தாயிற்று அண்ணே, சொட்டுக்கூட இல்லை" என்றார்.

டேங்க்கை நிரப்பி ஓட்டிய முதல் வாரத்திலேயே அதே வாடை.

போன் செய்தேன். நிரப்பும்போது சிந்தியிருக்கும் என்றார். சிந்தவில்லை என்றதும் ஹோஸ் கிளாம்ப்பை இறுக்கிப் பார்க்கச் சொன்னார். இறுக்கியும் நிற்கவில்லை. நேரில் போனால் வெல்டர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் ஆளை அனுப்புகிறேன் என்றார். யாரும் வரவில்லை. பிறகு 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் மேல் பழியைப் போட்டார். எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும், எல்லாம் சரி. புது டேங்க்கின் வெல்டிங்கை ஒரே வாரத்தில் அது ஓட்டை போடுமா? கடைசியாக, "பில் இருக்கிறதா?" என்று கேட்டார். ஜிஎஸ்டி போட்டால் 18 சதவீதம் கூடும் என்று பில் தராமல் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தவரே அவர்தான்! இப்போது என் எண்ணில் இருந்து போன் போனாலே எடுப்பதில்லை.

கடலூர் முதுநகரில் இருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்துத் தளத்தை மறுபடியும் வெட்டினோம். உள்ளே பார்த்ததும் வயிறு எரிந்தது. எதைப் போட மாட்டேன் என்றாரோ அதே ஃபோம், டேங்க்கைச் சுற்றி. அடியில் ரப்பர் பட்டை இல்லை, ஈரம் ஊறிய பழைய பிளைவுட். தகட்டை அளந்தால் 2 மில்லிமீட்டர். பித்தளை இணைப்பை அலுமினியத்திலேயே நேராக முறுக்கியிருக்கிறார்கள். உப்புக்காற்றில் இரண்டு உலோகமும் ஒட்டி நின்றால் அலுமினியம்தான் அரிபடும், அதுவும் அவருக்குத் தெரியாததில்லை. பெட்ரோலை வடித்து, உள்ளே கழுவி, வழிகளை எல்லாம் அடைத்து, மெக்கானிக் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றி வெல்டிங் மேல் சோப்புத் தண்ணீர் பூசினார். பின்பக்க மூலையில் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. அங்கே பெயிண்டைச் சாவியால் சுரண்டினால் கீழே ஓட்டை அடைக்கும் எம்சீல் பசை. ஓட்டை இருப்பது தெரிந்தே அடைத்து, மேலே சாம்பல் நிற பெயிண்ட் பூசியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, டேங்க்கின் ஆவி போகும் வென்ட் குழாயைப் படகுக்கு வெளியே கொண்டுவரவே இல்லை. தளத்துக்கு அடியில் அப்படியே வாய் திறந்து கிடக்கிறது. அந்த வாரம் முழுக்க அதன் மேல்தான் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறோம். 68,000 ரூபாய் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், இதை நான் எப்படி மன்னிப்பேன்? ஒன்றும் தெரியாதவன் கெடுத்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். இவர் எல்லாம் தெரிந்தவர். எனக்குப் பாடம் நடத்திவிட்டு, அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. காற்றுச் சோதனை உங்கள் கண் முன்னால் நடக்கட்டும், அதற்கு முன் தளத்தை மூட விடாதீர்கள். மீதிப் பணமும் அதற்குப் பிறகுதான். தகட்டின் வகையும் கனமும் பில்லில் இருக்க வேண்டும். வென்ட் குழாய் வெளியே வருகிறதா என்று பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நான் கொடுக்கத்தான் போகிறேன். துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய விவரம், டேங்க்கின் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இந்தத் தடைக்காலத்தில் டேங்க் மாற்றியவர்கள், எந்தப் பட்டறையாக இருந்தாலும் சரி, அடுத்த முறை சாவியைத் திருப்புவதற்கு முன் தளத்து மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். ஆட்களை இறக்கிவிடுங்கள்.