இட்டாஸ்கா ஏரிக்கரைக் காட்டில் எந்தப் பாதை?

அமெரிக்காவின் மினசோட்டாவில், மிசிசிப்பி ஆறு பிறக்கும் ஏரியைச் சுற்றி 1891-இல் அமைக்கப்பட்ட இட்டாஸ்கா மாநிலப் பூங்காவில், அதிகம் மேடேறாமல் காட்டுக்குள் நடக்க விரும்புவோர் டாக்டர் ராபர்ட்ஸ் பாதை, போஹால் பாதை என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டக்ளஸ் விடுதிக்கு அருகில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் முன்னது, சுமார் 3 கி.மீ. நீளமுள்ள சுற்றுப்பாதை. சதுப்பு நிலத்தின்மேல் போடப்பட்ட மரப்பலகை நடைபாதையையும், 1930-களில் அரசின் வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் கட்டிய மரவீட்டையும் இதில் காணலாம். அந்த வீட்டின் சுவருக்கு நான்கே அடுக்கு மரங்கள் போதுமானதாக இருந்தன என்பதிலிருந்தே அவற்றின் பருமனை ஊகித்துக்கொள்ளலாம்.

போஹால் பாதையோ போக 800 மீட்டர், வந்த வழியே திரும்ப 800 மீட்டர்தான். ஆனால் கோடரி படாத முதுபைன் மரங்கள் சூழ்ந்த பாதுகாக்கப்பட்ட வனத்தின் ஊடே ஒரு சிற்றேரிக்கு அது கொண்டுசெல்கிறது. விளக்கப் பலகைகளை நின்று படிக்கும் பொறுமையுள்ள குழந்தைகள் உடன் வந்தால் ராபர்ட்ஸ் பாதையே ஏற்றது. மரங்களுக்காகவே வருபவருக்கு நான் தயங்காமல் போஹாலைச் சொல்வேன். கோடையில் இரண்டிலும் கொசு மொய்க்கும் என்பதால் முழுக்கைச் சட்டை அவசியம்.