கேரவன்: வாங்குகிற விலையும் வைத்திருக்கிற செலவும்

கேரவன் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வருடத்தில் எத்தனை ராத்திரி அதில் படுப்பீர்கள்? மைலேஜ், ஏசி எல்லாம் அப்புறம். வண்டி ஷெட்டில் நின்றாலும் செலவு நிற்பதில்லை. சில வருடங்களாக ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுதி வந்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்.

எங்களுடையது பழைய டிராவலர் வேன். கோயம்புத்தூரில் வாங்கி, கரூரில் உள்வேலை செய்தோம். பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதில் பேர்போன ஊர் என்பதால் அங்கே கைதேர்ந்த ஆட்கள் கிடைப்பார்கள். "ஏனுங்க, வீட்டுக் கப்போர்டாட்டம் கனமான பிளைவுட்ட அடிச்சா வண்டி ஏத்தத்துல திணறுமுங்க. அலுமினியச் சட்டம் போட்டுக்கலாமுங்க" என்றார் பட்டறைக்காரர். கூடுதலாகச் செலவானாலும் அவர் சொன்னபடியே செய்தோம். வேலை முடிந்ததும் தண்ணீர், கேஸ், பெட்டி படுக்கை, ஆட்கள் எல்லாவற்றோடும் எடைமேடையில் ஏற்றி, ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் அதுவே 100 கிலோ. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த எடை கிளட்ச்சிலும், இறங்கும்போது பிரேக்கிலும் தெரியும்.

வேனுக்கு 8 லட்சம், உள்வேலைக்கும் மின்சார வேலைக்கும் 9 லட்சத்துச் சொச்சம் ஆனது.

காகித வேலைக்குத் தனியாகப் பணமும் பொறுமையும் ஒதுக்குங்கள். பழைய வேன் பெரும்பாலும் மஞ்சள் போர்டாக இருக்கும். பெர்மிட்டை ஒப்படைத்து, சொந்த உபயோக வண்டியாக மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, உள்ளமைப்பை மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அனுமதி வேண்டும். மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தர விதியும் இருக்கிறது. மாற்றம் ஆர்சியிலும் இன்சூரன்ஸிலும் ஏறவில்லையென்றால் கிளைம் நேரத்தில் பெரிய வம்பு.

பணம் நிறையக் கரைகிற இடம் மின்சாரம். 12 வோல்ட், 200 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் சுமார் இரண்டரை யூனிட் இருக்கும். ஒரு டன் ஏசி நல்ல வெயிலில் மணிக்கு ஒரு யூனிட் கேட்கும். ஆக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அவ்வளவுதான். கூரையில் உள்ள 400 வாட் சோலார் பேனல், மேகமில்லாத நாளில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தரும். ஃபேன், விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜுக்கு அது தாராளம். சித்திரையில் கரூர் பரமத்திப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ராத்திரி முழுக்க ஏசி வேண்டுமென்றால் இன்னும் இரண்டு பேட்டரி வாங்க வேண்டும். நான் அந்தப் பணத்தைக் கூரைக்கும் பக்கத் தகடுகளுக்கும் வெப்பத்தடுப்பு போடச் செலவழித்தேன். ஒரு தடவை செலவோடு முடிந்துவிடும். பேட்டரியைப் போலத் தேய்ந்து மாற்ற வேண்டியதில்லை. கோடையில் வால்பாறை, கோத்தகிரி என்று மேலே போய்விடுவோம். ஏசி தேவையே படுவதில்லை. நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் உண்டு, கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.

சரி, வருடச் செலவுக்கு வருவோம். இன்சூரன்ஸ் 28,000. சர்வீஸ், ஆயில், ஃபில்டர் வகையில் 25,000. சில்லறை ரிப்பேர் 20,000. டயருக்கும் பேட்டரிக்கும் வருடா வருடம் 35,000 எடுத்து வைக்கிறேன். கூட்டினால் 1,08,000. வருடத்துக்கு 20 ராத்திரி படுத்தால் ஒரு ராத்திரி 5,400 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல லாட்ஜிலேயே அறை கிடைக்கும். 50 ராத்திரி என்றால் 2,160 ஆகிவிடும், குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கட்டுபடியாகும். போட்ட முதலின் தேய்மானம் இதில் சேரவில்லை. டீசல் தனி: லிட்டருக்கு 9 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

டயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கேரவன் டயர் தேய்வதற்கு முன்னால் வயதாகிக் கெடும். பட்டன் (ரோட்டில் படுகிற பக்கத்து வெட்டு) நன்றாக இருக்கிறதே என்று ஓட்டக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2221 என்றால் 2021ஆம் வருடத்து 22ஆவது வாரத் தயாரிப்பு. ஆறு வருடம் நெருங்கினால் மாற்றிவிடுவது என்று வீட்டில் முடிவு.

நம் பக்கத்தில் வண்டியை நிறுத்துவதற்குப் பெரிதாகச் செலவாவதில்லை. பொள்ளாச்சியிலோ தாராபுரத்திலோ சொந்தக்காரர் தோட்டத்துக் களம் இருந்தால் போதும், கிணற்றுத் தண்ணீரும் கிடைக்கும். குலதெய்வக் கோயில் பொங்கல், பழனிக் காவடி என்று குடும்பமே கிளம்புகிற நாட்களில் அம்முச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) படுக்கையும் கக்கூஸும் கூடவே வருவது எந்த அறை வாடகையிலும் கிடைக்காத வசதி. எங்களுக்கு வண்டி கட்டுபடியாவதே இந்தப் பயணங்களால்தான். கக்கூஸ் கேசட்டை, அதாவது கழிவு சேருகிற பெட்டியை, தோட்டத்து வீட்டுச் செப்டிக் டேங்கில்தான் காலி செய்கிறோம். வாய்க்கால் ஓரத்தில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. காட்டு ரோட்டில் ராத்திரி நிறுத்தும் யோசனையும் வேண்டாம். சத்தியமங்கலம் காட்டில் இருக்கிற திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்கே தடை.

வருடத்துக்கு 30 ராத்திரிக்குக் குறைவாகத்தான் போவோம் என்று தெரிந்தால் வாடகைக்கு எடுங்கள். அதற்கு மேல் போகிறவர்கள் வாங்குங்கள். ஆனால் கையில் இருப்பதையெல்லாம் வண்டியில் போட்டுவிடாமல், முதல் இரண்டு வருடச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு மீதிக்கு வண்டி தேடுங்கள்.